ஒரு குடிலும் ஒரு ஹெலிகாப்டரும்

[காட்சி: மேகங்களுக்கு மேலே ஒரு மலையுச்சி. அதன் நுனியில், நாலா பக்கமும் ஜன்னல் வைத்த சின்ன மரக்குடில்.]

இந்தக் குடில் நீளம் 14 அடி, அகலம் 14 அடி. ஒரு படுக்கையறை அளவுதான். இதை அகற்றச் சொல்லி 2012இல் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

அப்படியானால் குடிலுக்கு எதிராக வழக்குப் போட்டது யார்? சுரங்க முதலாளியா, ரிசார்ட் கட்ட வந்தவரா? அவர்கள் யாரும் இல்லை. காட்டைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் ஓர் அமைப்பு, வில்டர்னஸ் வாட்ச். கதையின் சிக்கலே இங்கேதான்.

[காட்சி: வரைபடம். வாஷிங்டன் மாநிலம், கேஸ்கேட் மலைத்தொடர்.]

இடம் கிரீன் மவுண்டன். வெள்ளை மாளிகை இருக்கிற வாஷிங்டன் வேறு; இது மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலம். உயரம் சுமார் 6,500 அடி. பக்கத்து ஊர் டாரிங்டன். போய்வர 8 மைலுக்கு மேல் நடை, பாதி தூரம் செங்குத்து ஏற்றம். மேலே போனால் கிளேசியர் பீக் என்ற பனி மூடிய எரிமலை கண்ணெதிரே நிற்கும்.

இவ்வளவு உயரத்தில் குடில் எதற்கு? அதற்கு 1910க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில் ஐடாஹோ, மொன்டானா, வாஷிங்டன் பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்து போனது. வனத்துறை அதற்குப் பிறகு அந்த அதிர்ச்சியை மறக்கவே இல்லை. புகை கிளம்பியதுமே பார்த்துவிட வேண்டும் என்று மலையுச்சிகளில் காவல் குடில்கள் முளைத்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை தர ரூஸ்வெல்ட் அரசு சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்த இளைஞர்கள் 1933இல் கட்டியதுதான் நம் குடில்.

[காட்சி: குடிலின் உட்புறம். நடுவில் வட்டத் தட்டு போன்ற ஒரு கருவி.]

உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். நடுவில் நிற்பது ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர். வட்டமான வரைபடம், அதைச் சுற்றி டிகிரி அளவு போட்ட உலோக வளையம், எதிரெதிராக இரண்டு பார்வைத் துளைகள். ஒன்றில் குதிரை முடி ஒன்றை நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். தூரத்தில் புகை தெரிந்தால் வளையத்தைத் திருப்பி, அந்த முடி புகையின் மேல் விழும்படி வைத்து டிகிரியைப் படிக்க வேண்டும். இன்னொரு மலையில் இருக்கும் காவலாளியும் அதே புகையைப் பார்த்து ஒரு டிகிரி சொல்வார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ. அவ்வளவுதான் கணக்கு!

இன்னொரு சாமான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கால்களில் மின்சாரம் கடத்தாத கண்ணாடிக் குமிழ் மாட்டிய சின்ன ஸ்டூல். இடி மின்னல் வந்தால் காவலாளி அதன் மேல் ஏறிக்கொள்ள வேண்டும். மலையில் குடில்தான் உயரமான இடம். மின்னலுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்?

இரண்டாம் உலகப் போரில் இங்கிருந்து எதிரி விமானம் வருகிறதா என்றும் பார்த்தார்கள். அப்புறம் ரேடியோவும் கண்காணிப்பு விமானமும் வந்தன, காவல் குடில்களுக்கு வேலை குறைந்தது. நாடு முழுக்கப் பல குடில்களை வனத்துறையே கொளுத்திவிட்டது. கிரீன் மவுண்டன் குடில் தப்பித்து, தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் இடம் பிடித்தது.

[காட்சி: ஒரு சட்டப் புத்தகம்.]

இப்போது வழக்குக்கு அடிப்படையான சட்டத்துக்கு வருவோம். 1964இல் வந்த வில்டர்னஸ் சட்டம் உலகிலேயே கறாரான காட்டுப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்று. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் காட்டின் எல்லைக்குள் சாலை கூடாது, மோட்டார் கூடாது, ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது, கட்டடம் கூடாது. மனிதன் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி மட்டுமே. அந்த இடத்தை நிர்வகிக்க இது இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால்தான் விதிவிலக்கு.

1984இல் கிரீன் மவுண்டனும் அப்படிப்பட்ட எல்லைக்குள் வந்தது. குடில் அதற்கு 51 வருடம் முன்பே அங்கே இருக்கிறது. குடில் காட்டுக்குள் போகவில்லை. எல்லைக்கோடு வந்து குடிலைச் சுற்றிக்கொண்டது. ஆனாலும் அதே சட்டம், இந்தக் காடுகளின் பயன்களை வரிசைப்படுத்தும்போது வரலாற்றையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆக, இரண்டு தரப்புக்கும் கையில் ஒரே புத்தகம்.

1990களில் பனியும் காற்றும் குடிலை ஆட்டம் காண வைத்தன. அஸ்திவாரம் போய், ஆபத்து என்று பூட்டினார்கள். மலையேறிகளும் உள்ளூர்க்காரர்களும் பழுது பார்க்கக் கேட்டார்கள், நிதி வந்தது, வேலை தொடங்கியது. சின்னப் பழுது போதவில்லை என்றதும் 2002இல் குடிலைப் பலகை பலகையாகப் பிரித்து ஹெலிகாப்டரில் கீழே இறக்கினார்கள். கீழே சரிசெய்து, 2009இல் திரும்ப ஹெலிகாப்டரில் ஏற்றி, அதே உச்சியில் பொருத்தினார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. 2010இல் வில்டர்னஸ் வாட்ச் வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் அடிபட்டது குடிலின் வயது அல்ல, அது திரும்பி வந்த விதம். மோட்டார் கூடாத காட்டில் இத்தனை ஹெலிகாப்டர் பயணம் எதற்கு? இது பழுதுபார்ப்பா, புதிதாகக் கட்டியதா? அங்கேயேதான் இருந்தாக வேண்டும் என்பதற்கு என்ன காரணம்? எல்லைக்கு வெளியே வேறு உச்சிக்கு மாற்றக் கூடாதா? வனத்துறையிடம் சரியான பதில் இல்லை, முறையான சுற்றுச்சூழல் ஆய்வும் இல்லை. 2012 மார்ச்சில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது.

என்னைக் கேட்டால், குடில் நிற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீதிபதி கேட்ட கேள்விகளில் எதையும் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட குடில்களின் பாகங்கள் அந்தக் காலத்தில் கோவேறு கழுதை முதுகில் ஏறித்தான் மலைக்குப் போயின. கொஞ்சம் கொஞ்சமாக, அந்த இடத்திலேயே, கையால் சரிசெய்திருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கலாம். ஒரு பழைய சின்னத்தைக் காப்பாற்றுகிறோம் என்றால், எப்படிக் காப்பாற்றுகிறோம் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

[காட்சி: ஆற்றங்கரையில் இரண்டு மாடி மரக்கட்டடம், இரும்பு விட்டங்கள் மேல்.]

இடையில் ஒரு கிளைக்கதை. இதே மாநிலத்தில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், என்சான்டட் பள்ளத்தாக்கில், 1930களின் தொடக்கத்துத் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. ஆறு கரையை அரித்து அரித்து அதன் அடிவாரத்துக்கே வந்துவிட்டது. 2014இல் அதை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு விட்டங்களில் சோப்பைத் தேய்த்து, சுமார் 100 அடி தள்ளி வழுக்கிக் கொண்டுபோனார்கள். பூங்கா நிர்வாகமே இதைத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னது.

சரி, நம் குடிலுக்குத் திரும்புவோம்.

2013இல் வாஷிங்டன் மாநில உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் மசோதா வைத்தார்கள். மேலவையில் பேட்டி மரே, மரியா கான்ட்வெல். கீழவையில் சூசன் டெல்பென், ரிக் லார்சன். மசோதா நகரவில்லை. ஒரு குடிலுக்காக யார் அவசரப்படுவார்கள்?

2014 மார்ச் 22, சனிக்கிழமை காலை. டாரிங்டனுக்குப் போகும் வழியில் உள்ள ஓசோ என்ற ஊரில் மலைச்சரிவு அப்படியே இடிந்து விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். டாரிங்டனுக்குப் போகும் முக்கியச் சாலையும் மண்ணுக்கடியில் போனது. அந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற மனநிலையில், கிடப்பில் கிடந்த மசோதாவை உறுப்பினர்கள் மறுபடி எடுத்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. ஏப்ரல் 15 அன்று ஒபாமா கையெழுத்திட்டார்.

சட்டம் சின்னது. அந்த உச்சியில் குடில் இருக்கலாம், அதைப் பராமரிக்கலாம். குடிலைக் காக்கவோ, அங்கே வருபவர்களின் பாதுகாப்புக்காகவோ தேவைப்பட்டால் தவிர, அதை இடம் மாற்றக் கூடாது.

[காட்சி: காட்டுச் சாலை. புதிதாகக் கொட்டிய சரளை.]

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. வழக்கும் வாதமும் நடந்த அத்தனை வருடமும் அந்தக் குடிலைப் போய்ப் பார்ப்பது லேசில்லை. மலையடிவாரத்துக்குப் போகும் சுயாட்டில் ஆற்றுச் சாலையை 2003 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. சாலை திரும்பத் திறந்தது 2014இன் இலையுதிர் காலத்தில், சட்டம் வந்து சில மாதம் கழித்து.