மருந்தாளுநர் படிப்பு: கையெழுத்துப் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஃபார்மசி கல்லூரியின் கடைசி ஆண்டுப் பிள்ளைகள் எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். ஆறு வாரம் கூடவே வைத்துக்கொண்டு வேலை பழக்கி அனுப்புவேன். சில பிள்ளைகளைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். சிலரைப் பார்த்தால், நாலு வருஷமும் கடனும் போயும் இந்தக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தரவில்லையே என்று மனசு ஆறாது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதைப் பற்றிப் பேச நான் ஒப்புக்கொண்டது அதனால்தான்.

போன மார்ச் மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தாள். இரண்டும் ஃபார்மசி கல்லூரிகளிலிருந்து வந்த அனுமதிக் கடிதங்கள். ஒன்று மாநில அரசுக் கல்லூரி. இன்னொன்று தூரத்து ஊரில் ஒரு தனியார் கல்லூரி. மூன்றே ஆண்டில் படிப்பை முடித்துவிடலாம், உதவித்தொகையும் உண்டு என்று எழுதியிருந்தது. "அத்தை, எதுல சேரட்டும்? இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டச் சொல்றாங்க" என்றாள். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டில் இந்த நாட்டில் ஃபார்மசி கல்லூரிகள் ஏறக்குறைய 80. இன்று 140-க்கும் மேல். ஆனால் விண்ணப்பங்களின் எண்ணிக்கை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. நான் விண்ணப்பித்த காலத்தில் பல கல்லூரிகள் கேட்ட பிகேட் நுழைவுத் தேர்வும் 2024 ஜனவரியோடு நின்றுபோனது. அன்று நாங்கள் கல்லூரியைத் தேடி அலைந்தோம். இன்று கல்லூரிகள் பிள்ளைகளைத் தேடுகின்றன. நல்ல கல்லூரிகளும் தேடுகின்றன, அல்லாதவையும் தேடுகின்றன. அதனால் இடம் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, இந்தப் பிள்ளை இந்தப் படிப்பைத் தாங்கும் என்றோ, அந்தக் கல்லூரி தாங்கிப்பிடிக்கும் என்றோ நினைத்துவிட முடியாது. தேர்ந்தெடுக்கிற பொறுப்பு பெரும்பகுதி உங்கள் பக்கம் வந்துவிட்டது.

விண்ணப்பிப்பதைப் பற்றி இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான கல்லூரிகள் ஃபார்ம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகத்தான் எடுக்கின்றன. கோடையில் திறக்கும். நீங்கள் இதுவரை படித்த ஒவ்வொரு கல்லூரியும் உங்கள் மதிப்பெண் பட்டியலை நேரடியாக அங்கே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் நீங்களும் உங்கள் கையால் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் நகரும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், பள்ளியில் படிக்கும்போது கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே ஒரு கணக்குப் பாடத்தை மறந்துவிட்டான். அந்த ஒரு பட்டியலுக்காக அவன் விண்ணப்பம் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. பல கல்லூரிகள் விண்ணப்பம் வரவர இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன, கடைசித் தேதி வரை காத்திருப்பதில்லை. உதவித்தொகையும் முன்னால் வந்தவர்களுக்குத்தான் தாராளமாக இருக்கும்.

முன்கூட்டிப் படிக்க வேண்டிய பாடங்களும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, உடற்கூறியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகியவற்றை அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். மேடைப்பேச்சு, கால்குலஸ், பொருளாதாரம் என்று சிலர் கேட்பார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். இதை முதல் ஆண்டிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் ஒன்றாவது நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த ஒரு மருந்தாளுநரிடமிருந்து வரட்டும். ஒரு கோடையாவது மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ மருந்தாளுநருக்கு உதவும் டெக்னீஷியனாக நின்று பாருங்கள். கவுண்ட்டரில் ஒருவர் கோபமாகக் கத்திக்கொண்டிருக்க, தொலைபேசியில் இன்னொருவர் காத்திருக்க, கையில் மாத்திரையை ஐந்து ஐந்தாக எண்ணுகிற அந்த மாலை நேரத்தில்தான் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். நேர்முகத் தேர்வில் நானும் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். நின்று பார்த்த பிள்ளை பேசும்போது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். நண்பர் மகளிடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இரண்டு கல்லூரிக்கும் ஆளுக்கொரு பக்கமாக நடுவில் கோடு போடச் சொன்னேன். ஃபார்மசி படித்து முடித்தவர் நேப்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேறினால்தான் வேலை பார்க்க முடியும். எந்தக் கல்லூரி மாணவர்கள் எத்தனை சதவீதம் முதல் முறையிலேயே தேறினார்கள் என்று, அந்தத் தேர்வை நடத்தும் என்ஏபிபி ஆண்டுதோறும் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள் என்ற கணக்கும் வெளியில் கிடைக்கும். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிபிஇ அமைப்பு அதைக் கேட்டு வாங்கி வெளியிடுகிறது. இரண்டும் பொதுவில் இருக்கிற எண்கள், காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். ஆனாலும் விண்ணப்பிக்கிறவர்களில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்குகிறவர்கள் மிகக் குறைவு.

பார்க்கிறவர்களும் ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். தேர்ச்சி 90 சதவீதம் என்றால் நல்ல கல்லூரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும். தேர்வு எழுதுகிறவர்கள் பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான். நடுவில் விட்டுப் போனவர்கள், ஒரு வருஷம் பின்தங்கி நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அந்த ஆண்டின் 90-க்குள் வருவதே இல்லை. ஆகவே இரண்டையும் பெருக்குங்கள். ஓர் உதாரணத்துக்கு, நூறு பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். உரிய காலத்தில் முடிப்பவர்கள் 80 பேர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் முறையில் தேறுகிறார்கள் என்றால், சேர்ந்த நூறு பேரில் தடையில்லாமல் வேலைக்குப் போகிறவர்கள் 60 பேர்தான். இன்னொரு கல்லூரியில் 90 பேர் முடித்து, அதில் 90 சதவீதம் தேறினால் 81 பேர். இரண்டு கல்லூரியின் அனுமதிக் கடிதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். 60-க்கும் 81-க்கும் நடுவில் இருக்கிற அந்த 21 பேரும் கட்டணம் கட்டியவர்கள்தான்.

ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று நான்கு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாடு முழுவதுக்குமான முதல் முறைத் தேர்ச்சியே அண்மைக் காலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால் ஏசிபிஇ முழு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா, இல்லை இடைக்கால நிலையில் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண் தன் தாளில் எழுதிப் பெருக்கினாள். பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உதவித்தொகை தர்றாங்களே" என்றார்.

சரி, பணத்துக்கு வருவோம். உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட, அதைக் கழித்த பிறகு கட்ட வேண்டியது எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஆண்டும் அது தொடருமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்றும் எழுத்தில் வாங்க வேண்டும். இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் இல்லை. ஃபார்மசி போன்ற தொழில்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். மூன்றாண்டுப் படிப்பில் இந்த ஆண்டு வரம்புதான் இடிக்கும். நான்கு ஆண்டுப் பாடத்தையும் கட்டணத்தையும் மூன்று ஆண்டுக்குள் அடைக்கிறார்கள். கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 50,000-ஐத் தாண்டினால் மீதிக்குத் தனியார் கடன்தான் கதி. கோடை விடுமுறை இல்லாததால் வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் வழியில்லை. ஒரு வருஷம் முன்னதாகச் சம்பளம் வாங்கலாமே என்பது உண்மைதான். வேகமாகப் படித்துத் தாங்கக்கூடிய பிள்ளைக்கு அது நல்ல வழியும்கூட. மருந்தாளுநரின் இடைநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது, 2024 கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து 37 ஆயிரம் டாலர். ஆனால் அது தேறியவர்களின் சம்பளம். மறுபடி எழுத வேண்டி வந்தால், முந்திய அந்த ஒரு வருஷம் காத்திருப்பிலேயே கரையும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நான் என் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது கட்டடத்தைப் பார்த்து. புத்தம் புதிய ஆய்வுக்கூடம், கண்ணாடிச் சுவர். கடைசி ஆண்டுப் பயிற்சி எங்கே நடக்கும் என்று நான் கேட்கவே இல்லை. மூன்றாம் ஆண்டு பாதியில்தான் சொன்னார்கள்: பக்கத்து மருத்துவமனையில் இடம் போதாது, பாதிப் பயிற்சி 200 மைல் தள்ளி. இரண்டு ஊரில் வாடகை கொடுத்தேன். அதைவிட வலித்தது, அப்படிப் போன ஓர் இடத்தில் ஆறு வாரமும் என்னை அலமாரி அடுக்கவிட்டார்கள். ஆறு வாரத்தில் ஒரு நோயாளியிடம்கூடப் பேசவில்லை.

கடைசி ஆண்டுப் பயிற்சி குறைந்தது 1,440 மணி நேரம் என்று விதி இருக்கிறது. அதற்கு முன்னால் ஆரம்ப ஆண்டுகளில் 300 மணி. மணிக்கணக்கு எல்லாக் கல்லூரிக்கும் பொது. அந்த மணிகளில் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் மாறும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி என்னோடு இருந்தாள். ஒரு பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று, சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் எழுதி வந்திருந்தது. அந்த மாணவி பழைய மருந்துப் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரு முறை. "மேடம், இது ரெண்டும் சேரக்கூடாதே" என்றாள். சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவதே நின்றுபோகலாம், வாயெல்லாம் புண் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரை அவளையே கூப்பிடச் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னாள். மருந்து மாற்றப்பட்டது. இந்தப் பெண் வாயைத் திறந்து கேட்கிற துணிச்சலை முதல் ஆண்டிலேயே யாரோ ஊட்டியிருக்கிறார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வின் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்கள். பிள்ளைகள் மரியாதைக்காக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கேளுங்கள். கடைசி ஆண்டுப் பயிற்சி இடங்களின் பட்டியல் கிடைக்குமா? எத்தனை மைல் தூரம்? ஒரு பாடத்தில் தோற்றால் கோடையில் மீண்டும் எழுதலாமா, ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமா? மருத்துவமனையில் வேலை பார்க்க விரும்பினால் படிப்புக்குப் பிறகு ரெசிடென்சி என்ற ஓராண்டுக் கூடுதல் பயிற்சி பெரும்பாலும் வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. போன ஆண்டு உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? நல்ல கல்லூரி இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லும். மழுப்பினால், அந்த மழுப்பலையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆசிரியர் யாரும் இல்லாத நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள்.

நண்பர் மகள் மறுநாள் இரண்டு கல்லூரிக்கும் ஃபோன் செய்தாள். மாநிலக் கல்லூரி அன்று மாலையே பயிற்சி இடங்களின் பட்டியலை அனுப்பிவிட்டது. பெரும்பாலானவை வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவுக்குள். இன்னொரு இடத்தில், சேர்ந்த பிறகு தெரியவரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை அவளே உட்கார்ந்து மாநிலக் கல்லூரிக்கு முன்பணம் கட்டினாள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. போன வாரம் கூப்பிட்டு, பயோகெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறது, சீனியர் ஒருத்தி வாரம் இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாள் என்று சொன்னாள்.