டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர்: ராணுவ ஆவணத்தைத் திருத்துவது எப்படி?

[திரையில்: மேசை மேல் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, கணவன் மனைவி இருவரின் ஆதார் அட்டைகள்]

வணக்கம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கே இருந்தாலும் சரி, வீட்டில் முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தால் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எனும் பென்ஷன் வழங்கும் உத்தரவு, கணவன் மனைவி இருவரின் ஆதார் ஆகிய இந்த நான்கையும் இப்போதே எடுத்து வரிசையாக வையுங்கள். அவர் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், மனைவி பிறந்த தேதி எல்லாவற்றையும் எழுத்துக்கெழுத்து ஒத்துப் பாருங்கள்.

வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். அவர் உயிரோடு இருக்கும்போது, அவர் கையெழுத்திலேயே போகும் விண்ணப்பத்துக்குக் கேள்விகள் குறைவு. அவர் காலமான பிறகு, “ஆவணத்தில் இருக்கும் செல்வியும் ஆதாரில் இருக்கும் செல்வமணியும் நான்தான்” என்று அந்த அம்மா ஒருவரே நிரூபிக்க வேண்டும். அதுவரை குடும்ப பென்ஷன் நிற்கும்.

[திரையில்: 80 வயது – 20%, 85 – 30%, 90 – 40%, 95 – 50%, 100 – 100%]

மனைவியின் பிறந்த தேதியைப் பலர் கவனிப்பதே இல்லை. குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது முடிந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். குறைந்தபட்சக் குடும்ப பென்ஷனான 9,000 ரூபாய் வாங்கும் அம்மாவுக்கு அது மாதம் 1,800 ரூபாய், அகவிலை நிவாரணம் தனி. பிபிஓவில் பிறந்த வருடம் நான்கு வருடம் பிந்திப் பதிவாகியிருந்தால், 48 மாதத்துக்கு 86,400 ரூபாய் தாமதமாகும். தேதியே இல்லையென்றால் கூடுதல் தொகை தானாகத் தொடங்காது, கேட்டு வாங்க வேண்டும்.

இனி, எந்தத் தாள் தவறு என்று முடிவு செய்யுங்கள். படைவீரர் பிறந்த தேதி, படையில் சேர்ந்த அன்று பதிவானது. ஓய்வுக்குப் பிறகு அதை மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆதாரில் 01/01 என்று இருந்தால், வயதை மட்டும் வாய்மொழியாகச் சொல்லிப் பதிந்த தேதியாக இருக்கும். அங்கே ஆதாரைத்தான் திருத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், பெயரை இரண்டு முறை. ஆகவே டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

மனைவி பெயர், மனைவி பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் ஆகியவை ராணுவ ஆவணத்தில் தவறாக இருந்தால் அதைத் திருத்துவது ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது அவர் படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம். வங்கியால் முடியாது. ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளத்தில் முகவரி, மொபைல் எண் போன்றவற்றை நீங்களே மாற்றலாம். பெயரும் குடும்ப விவரமும் ரெக்கார்ட் ஆபீஸ் ஒப்புதல் இல்லாமல் மாறாது.

[திரையில்: இந்திய வரைபடம், ஊர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

உங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் எந்த ஊரில்? மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். எம்இஜி எனும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் பெங்களூரு, பீரங்கிப்படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ எனும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்து. ரெஜிமென்ட் பென்ஷனில் வந்து பிறகு டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து இரண்டாவது பென்ஷன் வாங்குபவர்கள் கண்ணூரிலும் திருத்த வேண்டும். வெலிங்டனில் மட்டும் திருத்திவிட்டு இருப்பவர்களுக்கு, டிஎஸ்சி பென்ஷனில் பழைய பெயரே தொடரும்.

விண்ணப்பத்தில் முதல் வரி படை எண், ரேங்க், பெயர். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். இணைக்கும் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் அந்த எண்ணை எழுதுங்கள். கட்டு பிரிந்து ஒரு தாள் தனியாகப் போனாலும் அது உங்கள் கோப்புக்கே திரும்பி வரும்.

[திரையில்: மாதிரி அஃபிடவிட், மனைவி பெயர் வரும் வரி பெரிதாகிறது]

அதிகம் திரும்பி வருவது அஃபிடவிட்தான். பாரிமுனையில் ஐகோர்ட்டைச் சுற்றி டைப் அடிக்கும் கடைகளில் ஆதாரை மட்டும் நீட்டினால், ஆதாரில் உள்ள பெயரைத்தான் அடித்துத் தருவார்கள். ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் பழைய பெயர் அதில் வராது. அஃபிடவிட்டில் இரண்டு பெயரும் வர வேண்டும்: பணி ஆவணத்தில் இருக்கும் எழுத்து, இன்று இருக்கும் எழுத்து, “இரண்டும் ஒருவரையே குறிக்கும்” என்ற உறுதி. டிஸ்சார்ஜ் புக்கில் இரண்டு சொல்லுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியோடு, இனிஷியல் பின்னால் இருந்தால் பின்னாலேயே அடிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தில் வடநாட்டு எழுத்தர் கையில் ‘சாமி’ ‘ஸ்வாமி’யாகவும், ‘கண்ணியப்பன்’ ‘கன்னி அப்பன்’ ஆகவும் எழுதப்பட்டிருக்கும். அதை நீங்களாகச் சரிசெய்து எழுதிவிட்டால் ஒப்பிட வழியே இல்லை.

எழுத்துப் பிழைதான் என்றால் ‘திருத்தம்’ என்றே எழுதுங்கள். ‘பெயர் மாற்றம்’ என்று எழுதிக் கொடுத்தால் அரசிதழ் அறிவிப்பைக் கேட்க வாய்ப்பு உண்டு. முத்திரைத்தாளிலும் கவனம் தேவை: தமிழ்நாட்டில் அஃபிடவிட்டுக்கான முத்திரைக் கட்டணம் 2024-இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. பழைய பழக்கத்தில் 20 ரூபாய்த் தாள் வாங்காதீர்கள்.

பெயர் முழுதாகவே வேறாக இருந்தால், வீட்டில் கூப்பிடும் பெயர் ஆவணத்தில் ஏறிவிட்டது போன்ற நிலையில், பத்திரிகை அறிவிப்பும் கேட்பார்கள். வழக்கமாக ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ். வெட்டிய துண்டை அனுப்ப வேண்டாம். பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தை அனுப்புங்கள். தமிழ் அறிவிப்புக்கும், தமிழில் உள்ள பள்ளிச் சான்றிதழுக்கும், நோட்டரி கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள். நாசிக்கில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவற்றோடு டிஸ்சார்ஜ் புக் நகல், பிபிஓ நகல், இருவரின் ஆதார், பான், சேர்ந்து எடுத்த புகைப்படம். மனைவி பிறந்த தேதியைத் திருத்துகிறீர்கள் என்றால் அனுப்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். புதிய தேதியைத் திருமணத் தேதியோடும் முதல் பிள்ளை பிறந்த தேதியோடும் ஒப்பிடுங்கள். கல்யாணத்தின்போது மணமகளுக்கு 12 வயது என்று கணக்கு வந்தால் கோப்பு நின்றுவிடும்.

[திரையில்: ராஜா முத்தையா சாலை, நேரு ஸ்டேடியம் பக்கம்]

கட்டைத் தயார் செய்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். சென்னைக்கு அது ராஜா முத்தையா சாலை. 2018-இல் சென்னை மாவட்ட எல்லை விரிந்தபோது திருவொற்றியூர், மாதவரம் தாலுகாக்கள் சென்னைக்கு வந்துவிட்டன. பொன்னேரி, மீஞ்சூர்க்காரர்கள் திருவள்ளூர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று அடையாள அட்டையைப் பாருங்கள்.

கையெழுத்து நடுங்குகிறது, பழையபடி வரவில்லை என்றால் இடது பெருவிரல் ரேகை வைத்து, அதை அலுவலகத்திலேயே சான்றொப்பம் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொடுக்கும் கையெழுத்து பெரும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அனுப்புவது ஸ்பீட் போஸ்டில். ரசீதையும் முழுக் கட்டின் நகலையும் வைத்திருங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் ஷீட் ரோலோடு, அதாவது தன்னிடம் உள்ள பணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாற்றத்தைப் பதியும் பார்ட் டூ ஆர்டரை வெளியிடும். அதன் பிறகு, தரைப்படையினருக்குப் பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் கொரிஜெண்டம் பிபிஓ, அதாவது திருத்திய பிபிஓ தரும். பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு எந்தக் கடிதம் போட்டாலும் அந்த எண்தான் பிடி.

பதிலே வரவில்லையா? 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று கேள்விகள் போதும்: விண்ணப்பம் எந்தத் தேதியில் கிடைத்தது, இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, ஷீட் ரோலில் மனைவி பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது, அதன் நகல் வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்து இறுதி உத்தரவு வந்தால், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கொரிஜெண்டம் ஸ்பர்ஷில் ஏறியதும் மறுபடி அந்த நான்கு தாள்களையும் எடுத்து ஒத்துப் பாருங்கள். புதிய பிபிஓவிலும் ஓர் எழுத்து பிசகியிருந்தால் அதே வாரம் எழுதுங்கள். சரியாக இருந்தால் அதன் நகலோடு வங்கிக்கும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்கும், ராஜா முத்தையா சாலை அலுவலகத்துக்கும் போய் அங்கேயுள்ள பதிவுகளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.