ஆட்டுக்குட்டி சரியாகத்தான் பேசியது

நேயர்களுக்கு வணக்கம்.

ஓநாய், ஆட்டுக்குட்டி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடையில் குட்டி தண்ணீர் குடிக்கிறது. மேல்புறம் நிற்கும் ஓநாய், "என் தண்ணீரைக் கலக்குகிறாயே" என்கிறது. "நான் கீழ்ப்புறம் நிற்கிறேன், அதுவும் உதட்டு நுனியால்தான் குடிக்கிறேன். தண்ணீர் மேலே ஏறி வருமா?" "சரி, போன வருஷம் என் அப்பாவைத் திட்டினாயே?" "எனக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லையே!" அப்புறம் ஓநாய் சொல்கிறது: "நீ என்னதான் நியாயம் பேசினாலும் உன்னைத் தின்னாமல் விடுவேனா?"

நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் 'நீதி' என்று எழுதிப் புள்ளி வைத்தேன். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "ஆட்டுக்குட்டி சரியாத்தானே சார் பேசுச்சு, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" அந்தச் சொல்லுக்கு எதிரே அன்று நான் எதுவும் எழுதவில்லை.

இந்தக் கதைகள் ஈசாப் பெயரில் வழங்குபவை. ஈசாப் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் இயாட்மோன் என்பவரிடம் அடிமையாக இருந்தார் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிற்காலத்தில் இவற்றை லத்தீன் செய்யுளாக்கிய பேட்ரஸும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். மனதில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்ல அஞ்சிய அடிமைகள்தான் அதைக் கதைக்குள் வைத்தார்கள் என்கிறார் அவர். ஓநாய்க்குக் காரணம் ஒரு சாக்கு, பசிதான் நிஜம். அது எஜமான் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அரிஸ்டாட்டில் சொல்லும் இன்னொரு கதையைப் பாருங்கள். சாமோஸில் ஒரு மக்கள் தலைவர் மீது மரண தண்டனைக்குரிய வழக்கு. அவருக்காகப் பேச எழுந்த ஈசாப், ஆற்றைக் கடக்கும்போது பள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நரியின் கதையைச் சொல்கிறார். உடம்பெல்லாம் உண்ணி மொய்த்திருக்கிறது. முள்ளெலி ஒன்று இரக்கப்பட்டு, "பிடுங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறது. "வேண்டாம். இவற்றுக்கு வயிறு நிறைந்துவிட்டது, இனிக் கொஞ்சம்தான் குடிக்கும். இவற்றை எடுத்தால் பசியோடு வேறு உண்ணிகள் வந்து மிச்ச ரத்தத்தையும் குடித்துவிடும்." இந்தத் தலைவர் ஏற்கெனவே பணம் சேர்த்துவிட்டார், இவரைக் கொன்றால் அடுத்து வருபவர் புதிதாகச் சுருட்டுவார் என்பது வாதம்.

இதை உத்தமமான அறிவுரை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்கும்போது மனம் கசக்கிறது. ஆனால் பள்ளத்தில் கிடந்து பார்த்தவரின் கணக்கு அது. அந்தக் கசப்பை வடிகட்டிவிட்டு நாம் குழந்தைகளுக்கு 'நல்ல பிள்ளையாக இரு' என்பதை மட்டும் ஊட்டிவிட்டோமே என்று எனக்கு வருத்தம். மரணத்துக்குக் காத்திருந்த சாக்ரடீஸ் சிறையில் உட்கார்ந்து செய்யுளாக்கியது இந்தக் கதைகளைத்தான்.

அடுத்த ஆண்டு அதே ஓநாய்க் கதையை வேறொரு வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. "ஆடு ஓடியிருக்கணும்" என்றான் ஒருவன். "மத்த ஆடுங்க எல்லாம் எங்க போச்சு?" என்றாள் ஒருத்தி. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.