சிரமம் என்று ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரமம்.

துன்பம், துயரம், இன்னல், அல்லல் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அந்த ஜன்னலைச் சாத்துங்கள்" என்று கேட்கும் இடத்தில் "துன்பம் இல்லையென்றால்" என்று வைத்துப் பாருங்கள், வாக்கியமே கோணிப் போகும். "சிரமம் கொடுத்துவிட்டேன்" என்றால் அது பாதி நன்றி. "துன்பம் கொடுத்துவிட்டேன்" என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது.

இது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேருக்கு உழைத்துக் களைத்தல் என்று பொருள். ஆசிரமம், சிரமதானம் எல்லாம் அதே வேர்தான். உடலை வருத்தித் தவம் செய்த சிரமணர்தான் நம் மொழியில் சமணர் ஆனார். களைப்பு என்றால் ஓய்வில் தீர்ந்துவிடும் அல்லவா? அதனால்தான் நெடும்பயணம் வந்தவர் கைகால் கழுவி இளைப்பாறுவதற்குச் சிரமபரிகாரம் என்று பெயர்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. "சிரமப்பட்டு" என்று சொன்னவுடன் காது அடுத்த வினைக்குக் காத்திருக்கிறது. சிரமப்பட்டு ஏறினாள், சிரமப்பட்டுப் படித்தான், சிரமப்பட்டுக் கண்டுபிடித்தோம். காரியம் நடந்துவிட்டது! "துயரப்பட்டு ஏறினாள்" என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. பட்ட பாட்டுக்கு அப்பால் ஒரு கரை உண்டு என்று இந்தச் சொல் தானாகவே சொல்லிவிடுகிறது.

அதே காரணத்தால் இந்தச் சொல்லைக் கண்டு எனக்குப் பயமும் உண்டு. என் அப்பா மூன்று மாதம் "மூச்சு விடக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, களைப்பாக இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கடைசியில் மருத்துவர் பார்த்தபோது ஒரு பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீர்கள்?" என்று அவர் கேட்டார். அப்பா அதற்கும், "கொஞ்சம் சிரமம்தான்" என்றார். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்று நினைப்பவர்கள் தாங்க முடியாததையும் இந்தச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

இப்போது யார் சிரமம் என்றாலும், எதில், எத்தனை நாளாக என்று கேட்காமல் நான் விடுவதில்லை. நேற்று அம்மா தொலைபேசியில் "படியேறக் கொஞ்சம் சிரமம்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தீபாவளிக்கு முன்னாலிருந்தே" என்றார்.

நாளைக் காலை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.