பத்துப் பேர் இழுத்த தேர்

(கோவில்பட்டியில் பள்ளிகளுக்கிடையிலான ஹாக்கிப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, கோப்பைகளை அன்பளிப்பாக அளித்திருக்கும் தீப்பெட்டித் தொழிலதிபர்களே, நடுவர் பெருமக்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெற்றோர்களே, ஹாக்கி மட்டையை மடியில் கிடத்திக்கொண்டு பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எவர் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். இந்த முறை அழைப்பிதழே நான்கு பக்கம்.

ஓர் அணியை உயர்த்தும் பண்புகள் எவை என்று பேசும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல், ஒழுக்கம், தோல்வியைத் தாங்கும் நெஞ்சுரம், இடைவிடாப் பயிற்சி என நான்கைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான்கையும் சேர்த்துச் சொல்ல நம் முன்னோரிடம் ஒரே வாக்கியம் இருக்கிறது: ஊர் கூடித் தேர் இழு. பங்குனியில் செண்பகவல்லி அம்மன் தேர் வீதி திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் வைத்து எடுக்கும் இரண்டு பேர் கொஞ்சம் அசந்தால் தேர் மூலை திரும்பாது.

முதற்பண்புக்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்கின் கால் இறுதி, எதிரே பிரிட்டன். ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் நம் தற்காப்பு வீரர் அமித் ரோகிதாஸின் மட்டை உயர்ந்து எதிரணி வீரரின் முகத்தருகே பட்டுவிடுகிறது. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டுகிறார். ஹாக்கியில் சிவப்பு அட்டை என்றால், போனவர் போனவர்தான். மாற்று ஆள் இறங்க முடியாது. இன்னும் நாற்பது நிமிடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது, நம்மிடம் பத்துப் பேர்! அதிலும் போனவர் யார்? எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்ற நேரடி கோல் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து, சீறி வரும் பந்துக்குத் தன் உடம்பைக் கொடுக்கும் மனிதர். அவர் இடத்தை யார் நிரப்புவது? டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அணிக்குத் தலைமை தாங்கி, 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் பெற்றுத் தந்த மன்பிரீத் சிங், "நான் நடுக்கள ஆட்டக்காரன், முன்னாள் கேப்டன்" என்றெல்லாம் கணக்குப் பார்க்காமல் பின்வரிசைக்கு இறங்கி நின்றார். அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் 22ஆம் நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் கோல் அடித்தார். 27ஆம் நிமிடத்தில் பிரிட்டன் சமன் செய்தது. அதற்குப் பிறகு அலை அலையாக வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் நம் பத்துப் பேரும் கோல்கம்பத்தின் முன்னே நின்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷும், இல்லை, தவறு, ஸ்ரீஜேஷையும் சேர்த்துத்தான் பத்துப் பேர், தடுத்து நிறுத்தினார்கள். ஆட்டம் 1-1 என முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போனது. கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு கோல் போட ஒவ்வொருவருக்கும் எட்டே நொடி. நம்மவர்கள் நால்வரும் தவறாமல் போட்டார்கள். பிரிட்டனின் ஒரு வீரர் பந்தை வெளியே அடித்தார், இன்னொருவரை ஸ்ரீஜேஷ் மடக்கினார். 4-2! அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் கத்திய கத்தலில் எனக்கு மறுநாள் குரல் இல்லை. ஊர் கூடித் தேர் இழு என்றேனே, அன்று ஓர் ஆள் குறைந்தும் தேர் நிலைக்கு வந்தது. தடை பெற்ற ரோகிதாஸ் இல்லாமல் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றாலும், அவர் திரும்பி வந்த ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றோம்.

நெஞ்சுரத்துக்குச் சென்னையே சாட்சி. 2023இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கிய நம் அணி 4-3 என வென்றது. ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் அதை விடுத்து, நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்காத விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஸ்ரீஜேஷ் எங்கிருந்து வந்தார்? எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் என்ற கிராமத்திலிருந்து, பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று அலைந்துகொண்டிருந்த பையனைக் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தியவர் அங்கிருந்த பயிற்சியாளர். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் நம் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் இந்தியச் சீருடை அணிந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இப்பிள்ளைகள் எல்லோரையும் விளையாட்டு நேரத்தில் மைதானத்தில் பார்த்து, "இவனிடம் ஏதோ இருக்கிறது" என்று அடையாளம் காண ஒரு பெரியவர் இருந்தார். பி.டி. பீரியடே இல்லாத பள்ளியில் அந்தக் கண் எதைப் பார்க்கும்?

கால அட்டவணையில் அந்தப் பாடவேளை அச்சாகியிருக்கிறது. நடப்பதோ கணக்கு, அறிவியல். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மட்டையைப் பரணில் போடு என்கிறார்கள். பதினைந்து வயதில் மட்டையைப் பிடுங்கிவிட்டு, இருபத்தைந்து வயதில் ஒலிம்பிக் பதக்கம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? இடைவிடாப் பயிற்சி என்ற நான்காம் பண்பைப் பற்றி நான் தனியாகப் பேசாததற்குக் காரணம் இதுதான். இடையில் விடுவது பிள்ளைகள் அல்ல, நாம். கணக்கு ஆசிரியர்கள் என்மீது கோபப்பட வேண்டாம், தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி அவர்களை நெருக்குவோரும் இதே ஊரில்தான் இருக்கிறோம். ஊர் கூடித் தேர் இழு என்பதில் அவர்களும் உண்டு, பெற்றோரும் உண்டு.

ஆகவே மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு மனுவை அளிக்கிறேன். பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகளாவது வேறு பாடத்துக்குப் போகக்கூடாது. போனால் தலைமை ஆசிரியர் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். நகல் மேடைக்கு இடப்புறமுள்ள மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பரிசு வாங்க வரிசையில் நிற்கும் நேரத்தில் பெற்றோர்கள் கையெழுத்திட்டுவிடலாம். வணக்கம்.