மாடித் தம்பியின் கல்யாணம்

வணக்கம். நான் தண்டையார்பேட்டைக்காரன். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே டிரெய்லர் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. குடும்பத்தோடு மலேசியா போய், அங்கே கார் ஓட்டிக்கொண்டே ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த கதையைப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

கல்யாணம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த தம்பிக்கு. படிப்புக்காக மலேசியாவிலிருந்து சென்னைக்கு வந்தவர். அம்மா அவரை 'மாடித் தம்பி' என்றே கூப்பிடுவார். அவருக்கு அம்மா 'ஆயா'. காசிமேட்டில் சங்கரா மீன் பேரம் பேசுகிற அளவுக்கு எங்கள் ஆளாகவே ஆகிவிட்டார். 2015 டிசம்பர் மழையில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. என் மகள் அப்போது கைக்குழந்தை. நாங்கள் ஐந்து பேரும் மூன்று நாள் அவருடைய ஒற்றை அறையில்தான் இருந்தோம். கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு அவர் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகை வரும்வரை காத்திருக்க முடியுமா?

2024 ஆவணியில் முகூர்த்தம். ஊர் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கை பட்டாணி. "கோலாலம்பூர்ல இறங்கி, இன்னொரு விமானம் பிடிச்சுப் பினாங்கு வந்துடுங்கண்ணே, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றார் தம்பி. நான் வேண்டாம் என்றேன். இத்தனை வருஷமாக அடுத்தவர் சரக்கை ஏற்றி ஓட்டியிருக்கிறேன். என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் தாண்டியது கிடையாது. தம்பி பிறந்து வளர்ந்த மண்ணைச் சக்கரம் தரையில் உருள, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவாக முப்பது நாள் தங்க அங்கே விசா வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்கள். போவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். கார் ஓட்ட, நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் செல்லும். நம் உரிமத்தையும் கூடவே வைத்திருக்கவேண்டும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அதனால் கை தடுமாறாது. இன்னொன்றை ஓட்டுநராகவே சொல்கிறேன்: சென்னையிலிருந்து நாலு மணி நேரம் ராத்திரி விமானத்தில் போய் விடியற்காலை இறங்குவீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். அந்தத் தூக்கக் கண்ணோடு ஸ்டியரிங்கைத் தொடவே தொடாதீர்கள். நாங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, ஒரு பகல், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் காலைதான் கிளம்பினோம்.

போகவேண்டிய தூரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை என்று ஒரு சாலை, தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் வரை 772 கிலோமீட்டர் ஓடுகிறது. உச்ச வேகம் 110. பலகையில் 'உத்தாரா' என்று போட்டிருந்தது. வடக்கு என்று அர்த்தமாம். "உத்தராயணத்துல வர்ற உத்தரம்பா அது" என்றான் பத்தாவது படிக்கிற மகன். அப்புறம் வழியெல்லாம் அதே விளையாட்டுத்தான். மலாய்க்காரர்களுக்குக் கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கப்பல் 'காப்பால்'. கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாப்பா என்ற இடத்தில் ஓய்விடம். சாப்பாட்டுக் கடைகள், கழிப்பறை, தொழுகை அறை எல்லாம் வரிசையாக இருந்தன. லாரிகள் நிற்கத் தனி இடம் விட்டிருந்தார்கள். டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் குளித்துவிட்டு, ஈரத் துண்டைக் கதவில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டெய்னரோடு வரிசையில் நின்று, ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த எத்தனையோ தோழர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கும் சாலையோரத்தில் குளிக்க ஒரு குழாயும் கால் நீட்ட நிழலும் கிடைக்கவேண்டும். எனக்கு அந்த ஆசை ரொம்ப உண்டு.

அங்கே அம்மாவுக்கு 'நாசி லெமாக்' வாங்கிக் கொடுத்தோம். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, மிளகாய்ச் சம்பல், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டை. கிளம்பும்போது கருவாடு கட்டிக்கொண்டு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அம்மா. "ஆயா, இங்க நெத்திலிக்குப் பஞ்சமே இல்லை" என்று தம்பிதான் போனில் தடுத்தார். முதல் வாய் வைத்ததும், "அவன் சொன்னது சரிதான்டா" என்றார்.

சாலைச் சுங்கத்தை நாங்கள் ஓர் அட்டையில்தான் கட்டினோம். நுழையும்போது தட்டிய அதே அட்டையை வெளியேறும்போதும் தட்டவேண்டும். காரோடு வந்த அட்டையில் பணம் குறைவாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. சோற்றுக் கடையிலிருந்த தமிழ்ப் பெண்தான் விசாரித்து, "உள்ள கடையில ஏத்திக்குங்கண்ணே, இல்லன்னா கடைசியில மாட்டிக்குவீங்க" என்று கூடவே வந்து காட்டினார். எங்கே போகிறோம் என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றதும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு வாழைப்பழம் திணித்தார்.

ஈப்போ வந்ததும் சாலையோரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நின்றன. அதைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பைக் ஓட்டுகிறவர்கள் ஒதுங்குவதற்கென்றே அங்கங்கே சாலையோரம் கூரை போட்டிருக்கிறார்கள். மழை விட்ட பிறகு இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனை, பிறகு வரிசை வரிசையாகப் பால்மரம். ரப்பரை அங்கே நம்மவர்கள் பால்மரம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரிசைகளை நட்டதிலும் பால் வெட்டியதிலும் கப்பலேறிப் போன நம் சனங்களின் கை இருக்கிறது. தம்பியின் பாட்டியும் பால் வெட்டியவர்தான். சுங்கை பட்டாணி ஊருக்குள் நுழைந்ததும் மகள், "அப்பா, தமிழ்ப்பள்ளின்னு போர்டு!" என்று கத்தினாள். பினாங்கில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பிறகு தம்பி சொன்னார். இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான் என்று மகன் பாடப்புத்தகத்தை நினைவுபடுத்தினான்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. தாலி கட்டியதோடு முடியவில்லை, பதிவாளர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 1982 மார்ச் முதல் அங்கே இந்துக் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம். ராத்திரி மண்டபத்தில் உருமி மேளம். என் மனைவியும் மகளும் ஆடிக் களைத்தார்கள்.

தம்பியின் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். அங்கேயே பிறந்தவர், தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. தம்பி எங்கள் அம்மாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஆயா, உங்க துறைமுகக் கதையைச் சொல்லுங்க" என்றார்.

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 'ராஜூலா' கப்பல் கிளம்புகிற நாளில் அம்மா தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு போவாராம். 1926இல் கட்டிய கப்பல் அது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. தகரப் பெட்டியோடு சனங்கள் ஏறுவதை வாசலில் நின்று பார்ப்பாராம் அம்மா. பாட்டியும் அந்தப் பெயரைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ராஜூலா வருகிற நாளில் அவருடைய அப்பா தோட்டத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பினாங்குக்குப் போய்விடுவாராம், ஊர்க்காரர் யாராவது இறங்குகிறார்களா என்று பார்க்க.

"கப்பல் கெளம்புறப்ப அங்க சனம் அழுவுமா?" என்று பாட்டி கேட்டார்.

"அழுவாங்கம்மா. போறது யாருன்னே தெரியாம நானும் அழுதிருக்கேன்" என்றார் அம்மா.

பாட்டி அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குடும்பப் படம் எடுக்க மேடையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மணமக்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டில், மாடிப்படி ஓரத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

வணக்கம்.