பூஸ்டர் எங்கே இறங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

நேயர் ஒருவரின் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். “ராக்கெட் ஏவுதல்களை இரண்டு ஆண்டுகளாக நேரலையில் பார்த்து வருகிறேன். ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர் சில முறை கிளம்பிய இடத்தின் பக்கத்திலேயே வந்து இறங்குகிறது. சில முறை நடுக்கடலில் மிதக்கும் மேடையில் இறங்குகிறது. சில முறை திரும்பி வருவதே இல்லை. ஒரே ராக்கெட்டுக்கு ஏன் இந்த வேறுபாடு? மீண்டும் பறக்கக்கூடிய பூஸ்டரைக் கடலில் விட்டுவிடுவது வீண் அல்லவா?”

பூஸ்டர் என்பது ராக்கெட்டை முதலில் மேலே தள்ளும் அடிப்பகுதி, அதாவது முதல் அடுக்கு; கலத்தைச் சுமக்கும் இரண்டாம் அடுக்கு அதன் மேல் இருக்கும். உங்கள் கேள்விக்கு விடை சொல்ல 2024 அக்டோபரின் எட்டு நாட்களே போதும். அந்த மாதம் 7ஆம் தேதி, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெரா விண்கலத்தை ஏற்றிச் சென்ற ஃபால்கன் 9 பூஸ்டர் தன் 23ஆவது பயணத்தோடு கடலில் முடிந்துபோனது. 13ஆம் தேதி, டெக்சாஸில் ஸ்டார்ஷிப்பின் சூப்பர் ஹெவி பூஸ்டர், கிளம்பிய ஏழு நிமிடங்களில் அதே கோபுரத்திற்குத் திரும்பி, அதன் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே பிடிபட்டது. மறுநாளே, 14ஆம் தேதி, நாசாவின் யூரோப்பா கிளிப்பரைச் சுமந்து சென்ற ஃபால்கன் ஹெவி, தன் இரு பக்கப் பூஸ்டர்களையும் நடுப் பூஸ்டரையும் சேர்த்து மூன்றையுமே இழந்தது. மூன்றும் ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் ராக்கெட்டுகள்தாம். பூஸ்டரைக் கோபுரத்திலேயே பிடித்துக் காட்டிய மறுநாள் மூன்று பூஸ்டர்களைக் கைவிடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, எரிபொருள் கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ராக்கெட் என்றதும் அது மேலே போவதைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் உயரம் செல்வது இந்த வேலையில் சிறு பங்குதான். சுற்றுப்பாதையில் நிலைக்க வேண்டுமானால் கிடைவாட்டில் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். ப்ளூ ஆரிஜின் என்ற மற்றொரு நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டு ராக்கெட் 2015 நவம்பர் 23 அன்று 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு நேராக இறங்கி வந்து நின்றது. அது பெரிய சாதனை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று கேப் கனாவரலில் இறங்கிய ஃபால்கன் 9 பூஸ்டர், செயற்கைக்கோள்களைச் சுமந்த இரண்டாம் அடுக்கைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிவிட்டு, பக்கவாட்டில் பாய்ந்து போய்க்கொண்டிருந்த தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டு திரும்பிய பூஸ்டர். இரண்டும் நின்று இறங்கின என்றாலும் அவை செய்த வேலை ஒன்றல்ல.

பூஸ்டர் திரும்பி வருவதற்கென்று தொட்டியில் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும். அந்த மிச்சம் மேலே செல்லும் வழியில் பயன்படாத சுமை; அதனால் பூஸ்டர் சீக்கிரமாகவே எஞ்சின்களை அணைத்துக்கொள்கிறது, குறைந்த வேகத்தில் இரண்டாம் அடுக்கை விடுவிக்கிறது, மீதி வேகம் முழுவதையும் அந்தச் சின்ன அடுக்கே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே, எடுத்துச் செல்லும் கலம் எவ்வளவு கனமானது, எவ்வளவு தொலைவு போகிறது என்பதைப் பொறுத்தே பூஸ்டருக்கு மிஞ்சுவது என்ன என்பது அமைகிறது. மிக உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசேர்க்கும் இடைவழிப் பாதைக்கு, பூஸ்டரைக் கடல்மேடையில் மீட்பதென்றால் ஃபால்கன் 9 ஏறக்குறைய 5.5 டன் கொண்டுபோகும்; மீட்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் 8.3 டன் கொண்டுபோகும். இடையில் உள்ள அந்த ஏறத்தாழ 3 டன்தான் பூஸ்டர் வீடு திரும்புவதற்கு நாம் கொடுக்கும் விலை.

கிளம்பிய இடத்திற்கே திரும்புவது இன்னும் விலை கூடியது. எஞ்சின்கள் அணையும்போது பூஸ்டர் கடற்கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டிருக்கும், இன்னும் கடலை நோக்கியே பாய்ந்துகொண்டும் இருக்கும். அந்த ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடி வேகம் எடுக்க வேண்டும். கடல்மேடையில் இறங்குவதென்றால் இந்தச் செலவு இல்லை. பூஸ்டர் தன் போக்கிலேயே வளைந்து விழும் இடத்தில், பல நூறு கிலோமீட்டர் தொலைவில், மேடை போய்க் காத்திருக்கும். கடல்மேடை என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததன் அருமை இதுதான் என்று நான் கருதுகிறேன். பூஸ்டரை இறங்குதளத்திற்கு வரவழைக்காமல், இறங்குதளத்தைப் பூஸ்டர் விழும் இடத்திற்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இனி, இதை நேரலையில் எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கு வருகிறேன். அறிவிப்பாளர் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தடயம் ஏவுதளத்திலேயே இருக்கிறது. பூஸ்டரின் அடியில் மடித்து வைத்த நான்கு கால்களும், உச்சியில் சல்லடை போன்ற துடுப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். யூரோப்பா கிளிப்பர் ஏவுதளத்தில் நின்றபோது அந்தப் பூஸ்டர்களில் கால்களும் இல்லை, துடுப்புகளும் இல்லை. இறங்கப் போவதில்லை என்றால் கால் எதற்கு? அந்த எடையையும் கழற்றி மிச்சம் பிடித்திருந்தார்கள். பலமுறை பறந்து கரி படிந்த பூஸ்டர் ஒன்று கால்கள் இல்லாமல் நிற்பதைப் பார்த்தால், அது கடைசிப் பயணத்திற்கு நிற்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். எனக்கு அந்தக் காட்சி எப்போதும் மனத்தைத் தொடும்.

இரண்டாவது தடயம் திரையின் கீழே ஓடும் இரண்டு எண்கள்: வேகமும் உயரமும். ஒவ்வொரு ஏவுதலிலும் ஒரு குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ‘மெக்கோ’ என்ற அறிவிப்பு வரும் நொடியில், அதாவது முதன்மை எஞ்சின்கள் அணையும் நொடியில், கடிகாரத்தையும் வேகத்தையும் எழுதிக்கொள்வது என் வழக்கம். கிளம்பி ஏறக்குறைய இரண்டரை நிமிடங்களில் அது நடக்கும். வேகம் மணிக்கு 6,000 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிட்டால் பூஸ்டர் கரைக்குத் திரும்பப் போகிறது என்று பொருள். 8,000 கிலோமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ சென்றிருந்தால் கடல்மேடை காத்திருக்கிறது. அடுத்த அரை நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். கரைக்குத் திரும்பும் பூஸ்டர், நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன் உடலைத் திருப்பிக்கொண்டு, ஒன்பதில் மூன்று எஞ்சின்களை மறுபடி பற்றவைக்கும்; உயரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்க, வேகம் மட்டும் மளமளவெனச் சரியும். கடல்மேடைக்குப் போகும் பூஸ்டரிலோ எந்த எஞ்சினும் எரியாது. மேலே எறிந்த கல்லைப் போல வேகம் மெதுவாகக் குறைந்து, உச்சியைத் தொட்டபின் மெதுவாகக் கூடும். ஐந்தாறு ஏவுதல்களை இப்படிக் குறித்துவிட்டீர்களானால், எந்தப் பூஸ்டர் எங்கே போகிறது என்பதை எண்களே உங்களுக்குச் சொல்லிவிடும்.

இரண்டு வகையிலும் கடைசிப் பகுதி ஒன்றுதான். காற்று அடர்ந்த பகுதிக்குள் நுழையுமுன் மூன்று எஞ்சின்கள் சிறிது நேரம் எரிந்து வேகத்தைத் தணிக்கும். பிறகு சல்லடைத் துடுப்புகள் திசையைப் பார்த்துக்கொள்ளும். எட்டு நிமிடத்தை ஒட்டி, தரையை நெருங்கும்போது எஞ்சின் கடைசியாகப் பற்றும். இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. ஃபால்கன் 9இல் உள்ளவை மெர்லின் என்ற எஞ்சின்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை, எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்து எரித்தாலும், அதன் உந்துவிசை காலியான பூஸ்டரின் எடையைவிட அதிகம். ஆகையால் ஃபால்கன் 9 பூஸ்டரால் அந்தரத்தில் நிற்கவே முடியாது. வேகம் சுழியாகும் நொடியும் கால்கள் தரையைத் தொடும் நொடியும் ஒன்றாக அமைய வேண்டும். சுழி சற்று முன்னதாக வந்தால் பூஸ்டர் மறுபடி மேலே கிளம்பும். பின்னதாக வந்தால் மோதும். நாம் சாதாரணமாகப் பார்த்துப் பழகிவிட்ட இறக்கம் ஒவ்வொன்றும் இந்த மெல்லிய இடுக்கில்தான் நிகழ்கிறது.

சேமிக்க வேண்டியது எரிபொருள் மட்டும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மெர்லின் எஞ்சினைப் பற்றவைக்க, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு திரவக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். எஞ்சின் பற்றும்போது ஒரு கணம் தெரியும் பச்சை ஒளி அதனுடையதுதான். 2018 பிப்ரவரி 6 அன்று ஃபால்கன் ஹெவியின் முதல் பயணத்தில் இரண்டு பக்கப் பூஸ்டர்கள் ஒருசேர இறங்கியதை உலகமே பார்த்தது. நடுப் பூஸ்டரில் அந்தப் பற்றவைப்புத் திரவம் தீர்ந்துபோனதால், கடைசி எரிப்பிற்கு வேண்டிய மூன்று எஞ்சின்களில் இரண்டு பற்றவில்லை; அது மேடைக்குச் சுமார் 100 மீட்டர் தள்ளிக் கடலில் மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தது. தொட்டியில் எரிபொருள் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று நடந்தது அதைவிடப் பாடம் நிறைந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பூஸ்டரில், துடுப்புகளை இயக்கும் நீரழுத்தப் பம்பு நின்றுபோய், பூஸ்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. ஆயினும் அது தளத்தின் மேலோ கட்டடங்களின் மேலோ விழவில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடல்நீரில் இறங்கியது. அது தற்செயல் அன்று. பூஸ்டர் ஆரம்பத்திலிருந்தே கடலைத்தான் குறிவைத்து வரும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கடைசிக் கட்டத்தில் தளத்தின் பக்கம் திரும்பும். சந்தேகம் வந்தால் கடல் என்பதே அடிப்படை விதி.

இனி, வீண் அல்லவா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹெராவைக் கொண்டுபோன பூஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் நான்கு விண்வெளி வீரர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்திற்கு அனுப்பிய க்ரூ-1 பயணம்தான் அதன் முதல் பயணம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் க்ரூ-2 வீரர்களையும் அதுவே ஏற்றிச் சென்றது. ஏற்கெனவே பறந்த பூஸ்டரில் மனிதர்கள் சென்றது அதுவே முதல் முறை. இப்படி 22 முறை வேலை செய்து, 22 முறை திரும்பி வந்த பின்னர், பூமியின் பிடியை விட்டே விலகி ஒரு சிறுகோளை நோக்கிச் செல்ல வேண்டிய கலத்திற்காகத் தன் எரிபொருள் முழுவதையும் கொடுத்துவிட்டது. யூரோப்பா கிளிப்பரின் பக்கப் பூஸ்டர்களும் அப்படியே. அவை அதற்கு முன் ஐந்து முறை பறந்தவை, 2023 அக்டோபரில் சைக்கி விண்கலத்தை அனுப்பியவையும் அவையே. ஏறக்குறைய 6 டன் எடையுள்ள கலத்தை, 2030இல் வியாழனை அடையும் பாதையில் தள்ளுவதற்கு அவற்றின் கடைசித் துளிவரை தேவைப்பட்டது. பழைய முறையில் ஒவ்வொரு பூஸ்டரும் முதல் பயணத்திலேயே இப்படி முடிந்துபோயிருக்கும். ஆகவே, இதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீட்டுப் பயன்படுத்த முடிந்ததால்தான், விட்டுக்கொடுக்க வேண்டிய நாளில் பல முறை உழைத்த ஒன்றை விட்டுக்கொடுக்க முடிந்தது.

கடைசியாக, நீங்கள் இனிப் பார்க்கப்போகும் மற்றொரு ராக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ப்ளூ ஆரிஜினின் நியூ க்ளென் தன் முதல் பயணத்தில், 2025 ஜனவரி 16 அன்று, சுற்றுப்பாதையை அடைந்தது என்றாலும் பூஸ்டரை இழந்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, செவ்வாய்க்கான இரண்டு எஸ்கபேட் கலங்களை அனுப்பிய இரண்டாம் பயணத்தில், பூஸ்டர் கடல்மேடையில் நின்றது. அந்தப் பதிவு கிடைத்தால் கடைசி நொடிகளை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பூஸ்டர் முதலில் மேடைக்குப் பக்கத்தில் உள்ள நீரை நோக்கியே இறங்குகிறது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து மேடையின் மேல் வந்து நிதானமாகக் கால் ஊன்றுகிறது. ஃபால்கனால் செய்ய முடியாத அந்தத் தயக்கம் அதற்கு முடிகிறது. சந்தேகம் வந்தால் கடல் என்ற விதி மட்டும் அதற்கும் பொருந்துகிறது.